மாரி கழிந்த குமண: ஆளில்லாக் காலத்தில் போய்வர முழுமையான வழிகாட்டி

குமண தேசிய பூங்காவுக்கு எங்கள் ஆட்கள் போவது பெரும்பாலும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில்தான். கதிர்காமப் பாதயாத்திரை, உகந்தை முருகன் கோயில் ஆடி உற்சவம், அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட வரும் கூட்டம், வில்லு என்று சொல்லும் ஆழமில்லாத நீர்நிலையில் பறவைகள் கூடு கட்டும் காலம் எல்லாம் அந்த மாதங்களில் வந்து குவிகின்றன. மற்ற மாதங்களில் போகலாமா என்று கேட்டால், "இப்ப என்னத்துக்கு? மழையும் வெள்ளமும், ஒண்டும் காணேலாது" என்பார்கள். மழையும் வெள்ளமும் உண்மைதான். ஒன்றும் காணேலாது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தண்ணீரைப் பார்த்து நாள் குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, கிழக்கில் இவ்வளவு பறவைகளை இவ்வளவு அமைதியில் பார்க்கக் கிடைக்கும் இடம் வேறு இல்லை என்றே சொல்வேன். நாள் குறிப்பதில் பிழைத்தால் பூங்காவுக்கு முந்திய ஊரான பாணமையோடு திரும்ப வேண்டிவரும், அல்லது அதைவிட மோசமாகவும் போகலாம். ஆகவே இந்த வழிகாட்டியில் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாறை மாவட்டத்தின் தென்கோடி. வடக்கே பாணமை, கிழக்கே கடல், தெற்கே கும்புக்கன் ஆறு, ஆற்றுக்கு அப்பால் யால. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 1970இல் யால கிழக்கு தேசிய பூங்காவானது. குமண என்ற பெயர் 2006இல் வந்தது. மூத்தவர்கள் இன்னும் யால கிழக்கு என்றே சொல்வார்கள். பரப்பு 35,664 ஹெக்டேயர். யுத்தத்தினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. திறந்து இரண்டு வருடம் ஆகுமுன் சுனாமி வந்து கரையோரத்தைப் புரட்டிப் போட்டது. 2010இல் இந்த ஈரநிலத் தொகுதி, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

முதல் படி: மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

இந்தப் பக்கத்துக்கு வருடத்தில் விழும் மழை 1,300 மில்லிமீற்றர் அளவு. அதில் பெரும்பங்கு வாடைக்காற்றோடு வரும் மாரியில்தான் கொட்டும். ஐப்பசிப் பிற்பகுதி தொடக்கம் மார்கழி முடியும் வரை குமணயை மறந்துவிடுங்கள். அடுத்தடுத்துத் தாழமுக்கம் உருவாகும் காலம் அது. இன்றைக்கு வெயில் எறித்தாலும் நாளைக்குப் பாதை இருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது.

என் தெரிவு தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமைக்குப் பிறகு தொடங்கி, மாசி முழுக்க, பங்குனி முதல் பாதி வரை. அந்த நேரம் மழை ஓய்ந்து வரும். குளமும் வில்லும் களப்பும் நிறைந்திருக்கும். காடு பச்சை பிடித்திருக்கும். வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. அறுகம்பையில் பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும், திறந்திருப்பவற்றில் பேரம் பேசலாம். தை மாதத்திலும் சில வருடங்களில் பெரிய மழை வருவதுண்டு. ஒரு நாளை மட்டும் நம்பி லீவு போடாமல், மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாதியும் ஆளில்லாக் காலம்தான். ஆனால் அது வறட்சிக் காலம். கச்சான் அடித்து ஓய்ந்து, குளங்கள் வெடித்துக் கிடக்கும். அதற்கான ஆயத்தம் வேறு. இங்கே மாரி கழிந்த மாதங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரண்டாம் படி: எதைப் பார்க்கப் போகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள்

சிறுத்தையும் கரடியும் பார்க்கத்தான் போகிறோம் என்றால் இந்தக் காலம் உங்களுக்கு ஏமாற்றம் தரும். கோடையில் தண்ணீர் மிஞ்சியிருப்பது சில இடங்களில் மட்டும். மிருகங்கள் அங்கேதான் வந்தாக வேண்டும், ஜீப்பும் அங்கேதான் நிற்கும். மாரி கழிந்ததும் காடு முழுக்கத் தண்ணீர். கல்லுக் குழியிலும் நிற்கும். யானைக்கும் மானுக்கும் ஓரிடத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. கரடியை எளிதாகக் காண்பது பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. குமணயின் பேர்பெற்ற கூட்டுக் கூட்டமும் அப்படித்தான்: கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கிண்ணை என்னும் கண்டல் மரங்களில் நெருக்கியடித்துக் கூடு கட்டுவது வைகாசி, ஆனி மாதங்களில். தையில் போனால் மரங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும்.

பிறகு என்னதான் இருக்கிறது? வடக்கே சைபீரியா வரையான குளிர் நாடுகளிலிருந்து வரும் பறவைகள் இருக்கின்றன. புரட்டாதி, ஐப்பசியில் வரத் தொடங்கி பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகிறவை. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் களப்பின் நடுவில் கூட்டமாக மிதக்கும். ஊரில் பொதுவாக உள்ளான் என்று ஒரே பெயரில் சொல்லிவிடும் சிறு கரைப்பறவைகளில் எத்தனையோ வகை சேற்றோரத்தில் ஓடித் திரியும். நாரைகள் கூடு கட்டாவிட்டாலும் இங்கேயே இருப்பவை. இரை தேடுவதைப் பார்க்கலாம். கரண்டிவாயன் இரை பிடிப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சொண்டைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து, தலையை இடமும் வலமும் அரைவட்டமாக வீசிக்கொண்டே முன்னேறும். கண்ணால் தேடுவதில்லை, சொண்டுக்குள் ஏதாவது தட்டுப்பட்டால் டக்கென்று மூடும், தலையை நிமிர்த்தி விழுங்கும், திரும்பவும் வீசத் தொடங்கும். நாலைந்து பறவைகள் வரிசையாக இதைச் செய்யும்போது கலங்கல் தண்ணீரில் அவை போன வழி கொஞ்ச நேரம் அப்படியே தெரியும். பின்னால் ஹோர்ன் அடிக்கும் ஜீப் இல்லாத மாதங்களில்தான் இதையெல்லாம் நின்று பார்க்க முடியும்.

பூங்காவில் பதிவான பறவையினங்கள் 255 என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. உள்ளூர்ப் பறவையும் வலசைப் பறவையும் ஒரே நேரத்தில் இருக்கும் மாதங்கள் இவை என்பதால், வகை வகையாகப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

மூன்றாம் படி: புறப்பட முன் மூன்று நாட்கள் தண்ணீரைக் கவனியுங்கள்

இதுதான் முக்கியமான படி. பலரும் பொத்துவில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பொத்துவிலில் வெயில் எறிக்கும்போதே பாதையை வெள்ளம் மூடலாம். காரணம், இந்தப் பக்கத்து ஆறுகளின் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. கும்புக்கன் ஆறு ஊவா மலைப்பக்கம் தொடங்கி, மொனராகலைப் பக்கமாக இறங்கி, குமணயில் கடலைச் சேர்கிறது. ஹெட ஓயா (ஓயா என்றால் சிங்களத்தில் ஆறு) சியம்பலாண்டுவப் பக்கத்திலிருந்து வந்து, அறுகம்பைக்கும் பாணமைக்கும் இடையில் கடலில் விழுகிறது. மேலே பெய்த மழை கீழே வந்து சேர நேரம் எடுக்கும். அங்கே நேற்று இரவு கொட்டியிருந்தால், இங்கே இன்றைக்கு வெயிலிலேயே வெள்ளம் ஏறும்.

ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் கிழக்கு மாகாணத்தோடு ஊவா மாகாணத்தையும் பாருங்கள். பதுளை, மொனராகலை மாவட்டங்களில் கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் மழைக்காலத்தில் ஆற்று நீர்மட்ட அட்டவணை வெளியிடும். அதில் கும்புக்கன் ஓயாவுக்கு நக்கல, ஹெட ஓயாவுக்கு சியம்பலாண்டுவ என்ற அளவீட்டு நிலையங்களைத் தேடிப் பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டு போகிறதா, இறங்கிக்கொண்டு வருகிறதா என்பது தெரிந்தால் போதும். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் நல்ல அறிகுறி.

இதையெல்லாம்விடப் பெரிய தகவல் பாணமை ஆட்களிடம் இருக்கிறது. சிங்களமும் தமிழும் நெடுங்காலமாகக் கலந்து புழங்கும் ஊர் அது. தமிழில் கேட்டால் சங்கடமில்லாமல் பதில் கிடைக்கும். ஜீப் பேசி வைத்த சாரதியிடம் முதல் நாள் பின்னேரம் போன் எடுத்து, "பாதை எப்படி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்றைக்கு யாராவது உகந்தைக்குப் போய் வந்தார்களா, எந்த வாகனத்தில் போனார்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "போகலாம், பாப்பம்" என்ற பதில்தான் வரும். இரண்டாவதற்குத்தான் உண்மையான பதில் வரும்.

தண்ணீர் வில்லுக்கும் களப்புக்கும் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கரையில் களப்புகளின் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் திட்டு அடைத்திருக்கும். மாரியில் உள்ளே மட்டம் ஏறி ஏறி, ஒரு நாள் திட்டு உடையும். தண்ணீர் கடலுக்குப் பாயும், களப்பின் ஓரம் சேறாகத் தெரியத் தொடங்கும். கரைப்பறவைகள் இறங்குவது அந்தச் சேற்றில்தான். திட்டு உடையாமல் களப்பு தளும்பி நின்றால் வாத்துகளை அதிகம் காணலாம், உள்ளான்களைத் தேட வேண்டியிருக்கும். "முகத்துவாரம் வெட்டுப்பட்டு விட்டதா?" என்று சாரதியிடம் கேட்டுவிட்டால், எந்தக் களப்போரம் அதிக நேரம் நிற்பது என்று முன்கூட்டியே திட்டம் போடலாம்.

நான்காம் படி: பொத்துவிலுக்குப் போய்ச் சேருங்கள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஏ 4 வீதியில் களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று நேரே இறங்குவது. பஸ்ஸில் வருவோர் பொத்துவில் பஸ் நேரடியாகக் கிடைக்காவிட்டால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாறலாம். கொழும்பிலிருந்து மொனராகலை வழியாக வருகிறவர்களுக்கும் அதே ஏ 4 வீதிதான். அவர்கள் லகுகலக் காட்டை இருட்டுக்கு முன் கடந்துவிட வேண்டும்; அந்த வீதியில் யானை ஏறும்.

தை, மாசியில் அக்கரைப்பற்று தாண்டினால் இரண்டு பக்கமும் வேளாண்மைதான். பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டால் வெட்டு மெஷினும் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும் வீதியில் ஊர்ந்து போகும், ஓரத்தில் நெல் காயும். நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கணக்கிடுங்கள், காயும் நெல்லில் ரயரை ஏற்றாதீர்கள்.

பணம் எடுப்பது, டீசல் அடிப்பது, மருந்து வாங்குவது எல்லாவற்றையும் பொத்துவிலில் முடியுங்கள். ஆதார வைத்தியசாலை இருப்பதும் அங்கேதான். தங்குவதற்கு அறுகம்பையில் இந்தக் காலத்தில் இடம் தாராளம். போன் எடுத்து, சமையல் நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அறை தருவார்கள், ஆனால் சமையற்காரரை மாரிக்கு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். பாணமையிலேயே ஒரு வீட்டில் தங்க வழி கிடைத்தால் அதைத்தான் நான் சொல்வேன். விடியக்காலையில் நேரம் மிச்சம், முதல் நாள் இரவே பாதை நிலவரமும் காதில் விழும்.

பூங்காவுக்குள் முகாம் அடித்துத் தங்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். மாரி கழிந்த உடனே முகாம் போடுவதை நான் விரும்ப மாட்டேன். நிலம் காய்ந்திருக்காது, இரவில் மழை இறங்கினால் வெளியே வரப் பாதை இருக்காது. மாசி பாதிக்குப் பிறகு யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: ஜீப்பையும் சாரதியையும் தெரிவு செய்யுங்கள்

கோடையில் உறுதியான வான் ஒன்றில் உகந்தை வரை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது அந்த எண்ணம் வேண்டாம். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் வேண்டும். அதையும் பேசி முடிக்க முன் ஒரு தரம் நேரில் பாருங்கள். ரயரில் பல் தேயாமல் இருக்கிறதா, மேலதிக ரயர் இருக்கிறதா, இழுவைக் கயிறு அல்லது சங்கிலி வைத்திருக்கிறாரா, மண்வெட்டி இருக்கிறதா. கேட்டால் நல்ல சாரதி கோபிக்க மாட்டார், இருக்கையைத் தூக்கிக் காட்டுவார்.

பேரம் பேசும்போது இரண்டு விஷயங்களை வாய்விட்டுத் தெளிவாக்குங்கள். ஒன்று, பாதை சரியில்லாமல் பாதியில் திரும்பினால் எவ்வளவு கொடுப்பது. இதை முதலே பேசி, அவருக்கும் கட்டுப்படியான ஒரு தொகையை ஒப்புக்கொள்ளுங்கள். திரும்பினால் காசு இல்லை என்ற நிலையில் வைத்தால், ஏறக்கூடாத தண்ணீரில் அவர் ஜீப்பை ஏற்றுவார். அதற்குக் காரணம் நீங்கள்தான். மற்றது, நீங்கள் பறவை பார்க்க வருகிறீர்கள், சிறுத்தை துரத்த அல்ல என்பது. அதைச் சொல்லாவிட்டால் வழமையான ஓட்டத்தில் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

அனுபவமுள்ள ஒருவர் தண்ணீரோரம் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே ஆளைத் தெரியும். பாதையில் தண்ணீர் குறுக்கிட்டால் அவர் ஜீப்பை நிறுத்தி இறங்குவார். எதிர்ப்பக்கச் சேற்றில் ரயர்த் தடம் ஏறியிருக்கிறதா, அது இன்றைய தடமா நேற்றையதா என்று பார்ப்பார். புதுத் தடத்தில் விளிம்பு கூராக நிற்கும், பழையதில் சரிந்திருக்கும். கரையில் ஒரு குச்சியைத் தண்ணீர் மட்டத்தில் குத்திவிட்டுப் பத்து நிமிடம் நிற்பார். தண்ணீர் குச்சியைத் தாண்டி ஏறினால் பேச்சில்லை, திரும்பிவிடுவார். "தம்பி, இண்டைக்கு இது சரிவராது" என்று அவர் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள்.

ஓடும் தண்ணீரில் நிலம் தெரியாவிட்டால் இறங்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 கார்த்திகையில், தெரிந்த பாதையில், மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது பெரிய சக்கரமுள்ள வாகனம், ஊரை ஒட்டிய வீதி. குமணப் பாதையில் உதவிக்குக் கூப்பிட ஆளே இருக்காது.

ஆறாம் படி: பையைக் கட்டுங்கள்

தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும், உள்நாட்டவர் கட்டணத்துக்கு அது வேண்டும். காசாகவும் கொஞ்சம் வைத்திருங்கள். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போக வேண்டும். பருவகாலத்தில் உகந்தையில் இருக்கும் கடைகளை இப்போது நம்ப முடியாது. ரொட்டியும் கட்டைச் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். வாழையிலையில் கட்டினால் நல்லது; பொலித்தீன் பைகளைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றராவது. ஜீப் புதைந்தால் காத்திருக்க வேண்டி வரும் என்பதால் இதில் சிக்கனம் வேண்டாம்.

மழைக்கோட்டு, கமெராவையும் போனையும் போட்டுக் கட்ட நீர் புகாத பை, மாற்று உடுப்பு, டோர்ச், பவர் பேங்க், நுளம்பு மருந்து, முதலுதவிப் பொருட்கள், வழமையாகப் போடும் குளிசைகள். காலுக்குச் செருப்பைவிட மூடிய சப்பாத்து நல்லது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அதிகம் பிடிக்கும் காலம் இது. தொலைநோக்கி கட்டாயம், இரண்டு பேருக்கு ஒன்று என்றாலும் சரி. தண்ணீர் பரந்து கிடப்பதால் பறவைகள் தூரத்தில்தான் நிற்கும்.

பாணமை கடந்தால் போன் சிக்னலை நம்பாதீர்கள். எத்தனை மணிக்கு உள்ளே போகிறோம், எத்தனை மணிக்குள் பாணமைக்குத் திரும்புவோம், ஜீப் இலக்கம் என்ன என்று வீட்டில் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இரண்டையும் வீட்டில் இருப்பவரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஏழாம் படி: பாணமையிலிருந்து உகந்தைக்கு

பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடும். நுழைவாயில் உகந்தையில். அறுகம்பையிலிருந்து பாணமை பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு, நல்ல தார் வீதி. அதன் பிறகு உகந்தைக்கு ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர் கிரவல் பாதை. கோடையில் அரை மணித்தியாலத்தில் ஓடும் தூரம், மாரி கழிந்து குழி விழுந்து கிடக்கையில் ஒரு மணித்தியாலம் தாண்டும்.

விடிய முன் வாசலில் நிற்க வேண்டும் என்று இருட்டில் புறப்படாதீர்கள். பாதையில் யானை நிற்கும், தண்ணீரின் ஆழமும் இருட்டில் தெரியாது. கிழக்கு வெளுக்கும் நேரம் பாணமையைத் தாண்டினால் போதும். ஆறரைக்கு வாசலில் நின்றால் எதையும் இழக்க மாட்டீர்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், லைட்டைத் தணித்து, அது பாதையை விட்டு இறங்கும் வரை இருங்கள். கன்றோடு நின்றால் இன்னும் பின்னுக்கு எடுங்கள். சாப்பாடு எறிவது யானைக்கும் அடுத்து வரும் வாகனத்துக்கும் செய்யும் தீங்கு.

எட்டாம் படி: உள்ளே

வாசலில் நுழைவுச்சீட்டு எடுத்ததும், அன்றைக்கு எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று திணைக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சேறு காரணமாகச் சில கிளைப்பாதைகளை மூடி வைத்திருப்பார்கள். வழிகாட்டி ஒருவர் கூட வருவார். காட்டோடு வளர்ந்த கண் அது. முதல் அரை மணித்தியாலம் பேசாமல் அவர் எங்கே பார்க்கிறார் என்பதைப் பாருங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். காலையில் உகந்தைப் பக்கத்துக் களப்போரங்களில் நேரம் எடுங்கள். சூரியன் கடல் பக்கமிருந்து ஏறுவதால், கடலுக்கு முதுகு காட்டி உள்நாட்டுப் பக்கம் பார்த்து நின்றால் வெளிச்சம் பறவை மேல் நேராக விழும், நிறம் தெளிவாகத் தெரியும். எட்டு, எட்டரை வரை அங்கேயே இருக்கலாம். ஜீப் நின்றதும் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் பறந்தெழுந்த கூட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்து இறங்கும். பொறுமை இல்லாதவர்கள் அதற்குள் போய்விடுவார்கள்.

பிறகு குமண வில்லுக்கு. ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரந்த இந்த வில்லுக்குக் கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒரு குறுகிய வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. சில வேளை கடல் நீரும் ஏறும். நன்னீரும் உவர்நீரும் இப்படிக் கலப்பதால்தான் கிண்ணை மரங்கள் அங்கே இவ்வளவு செழித்து நிற்கின்றன. இந்த மாதங்களில் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், ஓரமெல்லாம் சம்புப் புல். கூடுகள் இல்லாவிட்டாலும் சம்புக்கும் நீருக்கும் நடுவே நீலத் தாழைக்கோழியும் செந்நாரையும் நடமாடும். மேல் கொப்பில் பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்தபடி இருக்கும். தண்ணீர் விளிம்பில் மட்டும் இறங்காதீர்கள். சேற்று முதலை கரையோடு ஒட்டித்தான் கிடக்கும். நிறைந்த தண்ணீரில் அதைக் காண்பது கோடையைவிடக் கடினம்.

கும்புக்கன் ஆற்றங்கரை வரை போக முடியுமா என்பதை அன்றைய நீர் தீர்மானிக்கும். போக முடிந்தால் மருத மர நிழலில் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஆடியில் பாதயாத்திரை அடியார்கள் கடந்து குளிக்கும் ஆறு இது. தையில் அதே இடத்தில் கலங்கிச் சுழித்து ஓடும், கால் நனைக்கவும் வேண்டாம். ஆறு கடலோடு சேரும் மணல் மேட்டுக்கு அப்பால் அலை உடையும் சத்தம் மரங்களுக்கு இடையால் கேட்கும்.

பகல் ஒரு மணிக்குள் திரும்பத் தொடங்குங்கள். இந்தக் காலத்தில் மழை பின்னேரம் இறங்குவது அதிகம். வெளியே போகும் பாதையில் வெளிச்சமும் நேரமும் மிச்சம் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: உகந்தை மலையில் ஒரு மணித்தியாலம்

வாசலுக்கு வெளியே வந்ததும் உகந்தைமலை முருகன் கோயில். ஆடியில் கால் வைக்க இடமிருக்காத முற்றம் இப்போது வெறிச்சென்று இருக்கும். பூசை நேரத்தை முதலே விசாரித்து வையுங்கள், அன்னதானத்தை எதிர்பார்க்காதீர்கள். மலையில் ஏறினால் வள்ளியம்மன் சன்னிதியும் பாறைச் சுனைகளும். மழைக்குப் பிறகு சுனைகள் நிறைந்திருக்கும், பாறையில் பாசி படிந்து வழுக்கும். சப்பாத்தைக் கழற்றி, காய்ந்த பகுதியில் மட்டும் கால் வைத்து ஏறுங்கள், மழை தூறினால் ஏறவே வேண்டாம். மேலிருந்து தெற்கே காடும் களப்புகளும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். காலையில் எங்கெங்கே நின்றோம் என்று அங்கிருந்து பார்த்தால் இடத்தின் அமைப்பு நன்றாக விளங்கும்.

உகந்தைக் கடலில் குளிக்க ஆசை வரும். வாடைக்காலத்தில் அலை நேரே கரையில் அடிக்கும், கீழே இழுவையும் கடுமை. பார்த்து நிற்கும் கூட்டமோ காப்பாற்ற வரும் ஆளோ இல்லாத கரை. குளிக்க வேண்டாம்.

பாதையிலேயே திரும்ப நேர்ந்தால்

ஆற்றைக் கண்டு திரும்பிய நாளை வீண் நாள் என்று எண்ணாதீர்கள். பாணமைக் களப்பிலும் பொத்துவில் களப்பிலும் அதே வலசைப் பறவைகள் பல உண்டு, வீதியோரத்திலிருந்தே பார்க்கலாம். வெள்ளம் வடியும் வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நிற்கும். மேற்கே திரும்பினால் லகுகல. சிறிய தேசிய பூங்கா, குளத்தை ஏ 4 வீதிப் பக்கமிருந்தே பார்க்கலாம். யானைகள் பெருவாரியாகக் கூடுவது ஆவணி, புரட்டாதியில் என்றாலும் நிறைந்த குளத்தில் நீர்ப்பறவைகளுக்குக் குறைவில்லை. அருகிலேயே மகுல் மகா விகாரையின் இடிபாடுகள், நல்ல கல்வேலை. வடக்கே கோமாரிப் பக்கம் சங்கமன்கண்டி, இலங்கையின் கிழக்கு முனை. பாணமை தாண்டியும் உகந்தை வரை முடியாது என்றால், பாதை இடம் கொடுக்கும் பட்சத்தில் குடும்பிகல மலையடி வரை போய் வரலாம். அது துறவிகள் இன்றும் தங்கும் இடம். குரலைத் தணித்து, தோளும் முழங்காலும் மறைய உடுத்துப் போங்கள், யானைக் காடு என்பதால் தனியாக நடக்க வேண்டாம்.

சாரதிக்குப் பேசிய தொகையைக் கொடுத்து, அவர் இலக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கிழமை நீர்மட்டம் இறங்கிவிட்டதா என்று கேட்க அவர்தான் வேண்டும்.